லைலாக் இலையில் வெள்ளை: அறிகுறிக்கு ஒரு சொல் வேண்டும்

வணக்கம். லைலாக் என்ற பூக்கும் புதர்ச்செடி பற்றிய கட்டுரையின் வரைவுக்காக நீங்கள் கேட்ட சொல் பற்றி:

> லைலாக் செடியில் தெரியும் 'வெள்ளை ரெசிடியூ'வுக்கு 'வெண் எச்சம்' சரியா? நேரடியாகச் 'சாம்பல் நோய்' என்றே போட்டுவிடலாமா?

இரண்டும் வேண்டாம் என்பேன். எச்சம் என்றால் ஏதோ முடிந்துபோய் மிஞ்சியது. இலைமேல் இருப்பதோ பெரும்பாலும் உயிரோடு வளரும் பூஞ்சை.

சாம்பல் நோய் நல்ல சொல், வேளாண் நூல்களில் நிலைத்துவிட்டது. அதற்கு இணையாக, அதைப் போலவே தோன்றும் வேறொரு நோய்க்கு வைத்த அடிச்சாம்பல் நோய் இன்னும் நல்ல சொல். ஜெர்மானியர் இவ்விரண்டையும் 'உண்மை', 'போலி' என்று பிரிக்கிறார்கள். நம் சொல் எங்கே பார்க்க வேண்டும் என்றே காட்டிவிடுகிறது, இலையின் அடியில். ஆனால் சாம்பல் நோய் என்பது நோயின் பெயர், அறிகுறியின் பெயர் அல்ல. இதைக் கலந்துவிட்டால் மருந்தே மாறிப்போகும்.

லைலாக்கில் வெள்ளை என்றதும் முதலில் தேய்த்துப் பார்க்க வேண்டும். கோடையின் கடைசியில், மாவு தூவியதுபோல் இலையின் மேல்புறத்தில் பரவி, விரலால் துடைத்தால் போய், சில நாளில் திரும்ப வந்தால் அது சாம்பல் நோய். எரிசைஃபி என்ற பேரினத்துப் பூஞ்சை. இலையின் மேல்தோல் செல்களுக்குள் உறிஞ்சிகளை மட்டும் இறக்கிவிட்டு, உடலை வெளியே பரப்பி வாழ்கிறது. இதன் வித்துகள் முளைக்க இலை நனையத் தேவையில்லை, காற்றிலுள்ள ஈரமே போதும். அதனால்தான் நிழலில் நெருக்கமாக வளர்ந்த புதர்களைப் பிடிக்கிறது. பிறகு வெள்ளைக்கு நடுவே கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவை இதன் கனியுடல்கள், அதாவது வித்துகள் உருவாகும் உறைகள். உதிர்ந்த இலைகளில் தங்கிக் குளிர்காலத்தைக் கடந்துவிடும்.

நீர்த்துளி விழுந்த இடங்களில் மட்டும் வட்டவட்டமாக நின்று, பரவாமல் இருந்தால் அது கடின நீரின் சுண்ணாம்புக் கறை. கிளையில் ஒட்டியிருந்து நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வருவது செதில் பூச்சி. நாம் எல்லாவற்றையும் சாம்பல் நோய் என்று எழுதினால், சுண்ணாம்புக் கறைக்கு ஒருவர் பூஞ்சைக்கொல்லி அடிப்பார்.

என் பரிந்துரை: நீறுபூத்தல். 'நீறு பூத்த நெருப்பு' எல்லாருக்கும் தெரியும். நீறு சாம்பலையும் குறிக்கும், சுண்ணாம்புத் தூளையும் குறிக்கும். அதனால் காரணம் தெரியாத நிலையிலும் பொய் சொல்லாத சொல் இது. 'இலை நீறுபூத்திருக்கிறது' என்று வினையாகவும் இயல்பாக வருகிறது.

---

> நீறுபூத்தல்

ஐயா, சொல் அழகு. இரண்டு தயக்கங்கள். பூக்கும் செடியைப் பற்றிய கட்டுரையில் 'பூத்தல்' குழப்பாதா? அப்புறம், செதில் பூச்சியை நீறு என்று சொல்ல முடியாது, அது தூள் இல்லையே. 'வெண்படலம்' பொதுவாக இருக்கும். இல்லையென்றால் கிளையில் இருப்பதற்கு மட்டும் 'வெண்பற்று' என்று தனியாக வைக்கலாம்.

---

படலம் தொடர்ச்சியான ஏட்டைக் குறிக்கும். சுண்ணாம்புக் கறை திட்டுத்திட்டாக நிற்பது, பொருந்தாது. பூத்தல் பற்றிய கவலைக்கு, நீறுபூத்தல் என்று சேர்த்தே எழுதினால் போதும். உப்புப் பூத்த சுவரை யாரும் பூச்செடி என்று நினைப்பதில்லை. ஆனால் செதில் பூச்சி விஷயத்தில் நீங்கள் சொல்வதே சரி. வெண்பற்று மிகப் பொருத்தம், பற்றுப்போட்டதுபோல் ஒட்டித்தான் இருக்கிறது. இலைக்கு நீறுபூத்தல், கிளைக்கு வெண்பற்று என்று பிரித்துவிடுவோம்.

சிகிச்சைப் பகுதியில் ஒரு திருத்தமும் வேண்டும். 'இலையுதிர் காலத்தில் கவாத்து' என்று வரைவில் இருக்கிறது. அடுத்த ஆண்டின் மொட்டுகளை லைலாக் கோடையிலேயே உருவாக்கிவிடும்; பூ முடிந்தவுடன் வெட்ட வேண்டும். உள்ளே காற்றோட்டம் வரும்படி பழைய தண்டுகளை அடியோடு எடுப்பதுதான் முக்கியம். உதிர்ந்த இலைகளை அகற்றச் சொல்லுங்கள். கந்தகம் தெளிப்பதானால் வெப்பம் 32 டிகிரி செல்சியசைத் தாண்டும் நாளில் கூடாது, எண்ணெய் மருந்து அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கூடாது, இலை கருகிவிடும். நீறுபூத்தது சாம்பல் நோயால்தான் என்றாலும் லைலாக் அதனால் சாவது அரிது, அழகுதான் கெடும். எனவே மருந்து பற்றிய பத்தியைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம்.