கவினோட என்சான்ட் கடை: குடும்பக் குழுவில் ஒரு சாயங்காலம்

கவின்: அருண் அண்ணா, வார்கிராஃப்ட் கிளாசிக் கேம்ல என்சான்ட்டிங் உச்சமான 300 தொட்டுட்டேன்!! குரூசேடர்ங்கிற ஆயுத என்சான்ட்டோட ஃபார்முலாவும் கையில இருக்கு. இன்னிக்கே கேமுக்குள்ள விளம்பரம் போடுற ட்ரேட் சேனல்ல போடப் போறேன். இது சரியா இருக்கா பாருங்க: "எல்லா என்சான்ட்டும் போடுவேன், விலை குறைவு, சீக்கிரம் வாங்க"

அருண்: சபாஷ்டா தம்பி 👏 ஃபார்முலாவ ஆக்‌ஷன் ஹவுஸ்ல ஏலத்துல வாங்கினியா, எதிரிய அடிச்சே எடுத்தியா?

கவின்: அடிச்சுத்தான். ஹார்த்க்ளென்ங்கிற இடத்துல ஸ்கார்லட் ஆர்ச்மேஜ்ங்கிற எதிரிகிட்ட.

நிலா: டேய் சூப்பர்டா

சுமதி: கவின், என்ன விளம்பரம்? யாருகிட்ட காசு வாங்கப் போற? எனக்குத் தெரியாம என்ன நடக்குது?

கவின்: அம்மா அது கேம் காசு மா, கோல்டு

அருண்: சித்தி, பயப்படாதீங்க, நான் சொல்றேன். அந்த விளையாட்டுக்குள்ளயே செம்பு, வெள்ளி, தங்கம்னு நாணயம் இருக்கு. நூறு செம்பு ஒரு வெள்ளி, நூறு வெள்ளி ஒரு தங்கம். வாளு, கவசம், செருப்புன்னு ஆடுறவங்ககிட்ட இருக்கிற பொருளுக்குக் கூடுதல் சக்தி ஏத்தித் தர்றதுதான் என்சான்ட், இவன் கத்துக்கிட்ட தொழில். அதுக்குக் கூலியா அந்தத் தங்கத்த வாங்குவான். நிஜப் பணம் ஒரு பைசா கை மாறாது.

சுமதி: சக்தி ஏத்துறதுக்கு இவனுக்கு என்ன செலவு?

அருண்: நல்ல கேள்வி சித்தி, எல்லாமே அதுலதான் இருக்கு. வேண்டாத பொருள உடைச்சா டஸ்ட், எசன்ஸ், ஷார்டுன்னு கிடைக்கும். பொருளோட தரத்த நிறத்துல காட்டுவாங்க, பச்சை நிற ஆயுதத்துல எசன்ஸ் அதிகம் வரும், பச்சைக் கவசத்துல டஸ்ட், நீலப் பொருள்ல ஷார்டு. என்சான்ட் போடுறப்ப அதெல்லாம் செலவாகும். குரூசேடர் ஒரு தடவ போட நாலு லார்ஜ் பிரில்லியன்ட் ஷார்டு, ரெண்டு ரைச்சியஸ் ஆர்ப் வேணும். தையக்காரர்கிட்ட துணி நீங்க குடுத்தா தையக்கூலி மட்டும், துணியும் கடைக்காரருதுன்னா மொத்த விலை. அதே கணக்குதான்.

சுமதி: இப்ப புரியுது.

அருண்: கவின், உன் விளம்பரத்துல எனக்குப் பிடிக்காதது அதுதான். "விலை குறைவு"ன்னா எந்த விலை? கூலியா, மேட்ஸ், அதாவது செலவாகுற இந்தப் பொருளெல்லாம் சேர்த்தா? படிக்கிறவனுக்கு எதுவுமே தெரியாது. "எல்லா என்சான்ட்டும்"னு போட்டா யாரும் உன்கிட்ட கேக்கவும் மாட்டாங்க. ஆளு தேடுறது "குரூசேடர்"ங்கிற ஒரு சொல்ல. அது கண்ணுல படணும்.

கவின்: அப்ப மூணு நாலு என்சான்ட் பேரு மட்டும் எழுதவா?

அருண்: ஆமா. குரூசேடர், ஃபியரி வெப்பன், அப்புறம் உன்கிட்ட இருக்கிறதுல கிடைக்கக் கஷ்டமானது எதுவோ அது. மிச்சம் கேட்டா சொல்லிக்கலாம்.

நிலா: அண்ணா, என்சான்ட்ட அப்படியே ஆக்‌ஷன் ஹவுஸ்ல வெச்சு வித்துட முடியாதா? கூவிக்கிட்டு நிக்கணுமா?

அருண்: கிளாசிக் பழைய பதிப்பு, அதுல முடியாதும்மா. சுருள்ல எழுதி விக்கிற வசதி 2008ல லிச் கிங் விரிவாக்கத்தோடதான் வந்துச்சு. இங்க ஆளும் ஆளும் நேர்ல நின்னாத்தான் வேலை நடக்கும். எனக்கு அதனாலதான் இந்தத் தொழில் மேல இவ்வளவு பிரியம். கேக்குறவன் முகம் தெரியும், பேரு தெரியும், திரும்ப வருவான்.

கவின்: ரெண்டு பேரு பொருள் மாத்திக்கிற ட்ரேடு விண்டோல கீழ "ட்ரேடு ஆகாது"ன்னு ஒரு ஸ்லாட் இருக்கே, வாள அதுல வெச்சாப் போதும்ல? அவங்களுக்கு என்ன பயம்?

அருண்: வாளுக்கு பயமே இல்ல, அது அவன் கைய விட்டுப் போகாது. என்ன என்சான்ட் ஏறப் போகுதுன்னு விண்டோல தெரியும், ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் ஏறும். கூலியும் அதே விண்டோலதான், அதனால உனக்கும் பயம் இல்ல. சிக்கல் மேட்ஸ்லதான். உன் பையில மேட்ஸ் இருந்தாத்தான் நீ என்சான்ட்டே போட முடியும். அப்ப அவன் அதுக்கு முன்னாடியே தனியா ஒரு ட்ரேடுல ஆர்பு, ஷார்டு எல்லாத்தையும் உன்கிட்ட சும்மா தூக்கிக் குடுக்கணும். அந்த நேரத்துல அவன்கிட்ட ஒண்ணுமே இல்ல, உன் பேச்சு மட்டும்தான். என் கில்டுல, அதாவது நான் சேர்ந்து ஆடுற குழுவுல, ஒருத்தன்கிட்ட மேட்ஸ வாங்கிட்டு ஒரு ஆளு லாகவுட் பண்ணிட்டுப் போயிட்டான். அந்தப் பையன் அதுக்கப்புறம் வெளி ஆளுகிட்ட என்சான்ட்டே போட்டுக்கல.

நிலா: அய்யோ பாவம்

கவின்: நான் அப்படிச் செய்ய மாட்டேன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?

அருண்: தெரியாது. புதுசா வர்றவன நம்பச் சொல்லிக் கேக்காத. குரூசேடருக்கு ரெண்டு செட்டு மேட்ஸ் நீயே வாங்கி பையில வெச்சுக்க. "மேட்ஸ் என்னுது, மொத்தம் இவ்வளவு"ன்னு சொல்லு. அப்ப ஒரே ட்ரேடுல முடிஞ்சிடும், அவன் எதையும் முன்னாடி குடுக்க வேண்டாம். பேரு நல்லா வந்தப்புறம் அவனவனே மேட்ஸோட வருவான்.

கவின்: ஆனா என் தங்கமெல்லாம் என்சான்ட் போடத் தேவையான ராடுக்கே, அந்தக் கோலுக்கே போச்சு அண்ணா 😭 அந்த ஆர்கனைட் ராடுக்கு மூணு ஆர்கனைட் உலோகக் கட்டி வேண்டியிருந்துச்சு.

அருண்: தெரியும்டா, அந்தச் செலவு பெருசுதான். நான் ஒரு செட்டு மேட்ஸ் கேம் தபால்ல அனுப்புறேன். வித்ததும் திருப்பிக் குடு.

கவின்: தேங்க்ஸ் அண்ணா ❤️

நிலா: யாரு அதிகமா வாங்குவாங்க? உச்சமான 60 லெவல் ஆளுங்களா?

அருண்: அவங்களும்தான். ஆனா 19 லெவல்லயே நிறுத்தி வெச்சு வார்சாங் கல்ச்ங்கிற போர்க்களத்துல ஆடுறவங்க இருக்காங்களே, அவங்கள விடாத கவின். கிளாசிக்ல சின்ன லெவல் ஆயுதத்துக்கும் குரூசேடர் ஏறும். அடிக்கிறப்ப அப்பப்ப 15 வினாடிக்கு நூறு ஸ்ட்ரென்த் கூடும், உயிரும் கொஞ்சம் ஏறும். 19 லெவல்ல அது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாரு.

கவின்: அண்ணா இன்னொண்ணு. நேத்து ஒருத்தன் விஸ்பர் பண்ணான், கேம்ல எனக்கு மட்டும் தனியா மெசேஜ். தங்கத்துக்குப் பதிலா நிஜப் பணம் தர்றேன், போன்ல அனுப்பறேன்னான்.

சுமதி: கவின்!!!

கவின்: நான் பதிலே போடல மா

அருண்: நல்ல காரியம் பண்ண. அதுல மட்டும் விரல கூட வைக்காத. பிளிசார்டு விதிப்படி விளையாட்டுப் பொருளையோ சேவையையோ நிஜப் பணத்துக்கு விக்கக் கூடாது, அக்கவுன்ட்ட முடக்கலாம். மாசக்கணக்கா வளர்த்த கேரக்டர் போயிடும். அதோட உன் போன் நம்பர் கண்டவன்கிட்டயும் போகும். அவன ரிப்போர்ட் பண்ணு.

சுமதி: அருண் சொல்றது கேட்டுச்சா? தங்கம், வெள்ளி மட்டும். வேற எதுவும் வாங்கக் கூடாது.

கவின்: சரி மா. சத்தியமா.

கவின்: இப்ப பாருங்க அண்ணா: "குரூசேடர், ஃபியரி வெப்பன். என் மேட்ஸ்னா மொத்த விலை, உங்க மேட்ஸ்னா கூலி மட்டும். அயர்ன்ஃபோர்ஜ் நகர பேங்க் வாசல். விஸ்பர் பண்ணுங்க"

அருண்: இது விளம்பரம் 👌 பத்து வினாடிக்கு ஒரு தடவ போட்டுக் கத்தாத, எரிச்சல் வந்து இக்னோர் பண்ணிடுவாங்க. இன்னொண்ணு, வாள்ல ஏற்கனவே வேற என்சான்ட் இருந்தா அது அழிஞ்சிடும்னு நீயே முதல்ல சொல்லிடு.

நிலா: டேய் என் வாளுக்கு ஃபியரி வேணும். ரேடியன்ட் ஷார்டு நாலும், எசன்ஸ் ஆஃப் ஃபயரும் என்கிட்டயே இருக்கு. கூலி எவ்வளவு?

கவின்: உங்களுக்குக் கூலி வேணாம் அக்கா

நிலா: குடுப்பேன், பேசாம வாங்கிக்க. எங்க வரணும்?

கவின்: பேங்க் வாசல்லயே நிக்கிறேன். மேட்ஸ் முதல் ட்ரேடு, வாளு ரெண்டாவது ட்ரேடு.