கலைச்சொல் விவாதம்: ரசிகர்களே நடிகரைச் சொல்வதற்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

மீநாயகர் (சூப்பர் ஹீரோ) படங்களைப் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். பழைய நடிகர்களை விட்டுவிட்டுக் கதையை முதலிலிருந்து எடுப்பதற்கு 'மறுதொடக்கம்' என்று போட்டுவிட்டேன். அதில் சிக்கல் இல்லை. ஆனால் கட்டுரை முழுக்க வருவது 'ஃபேன் காஸ்டிங்'. அடுத்த பேட்மேன் இவர்தான், அடுத்த வுல்வரின் அவர்தான் என்று ரசிகர்களே சொல்லி, அந்த நடிகருக்கு உடைமாட்டிப் படமும் வரைந்து பரப்புகிறார்களே, அது.

'ரசிகர் தேர்வு' என்று எழுதினேன். படித்துப் பார்த்த நண்பர், "ரசிகர்களுக்குப் பரீட்சையா?" என்று கேட்டார். மாதிரி வாக்கியம்: "2010இல் ஸ்பைடர்மேன் வேடத்துக்கு டொனால்ட் குளோவரை ரசிகர்கள் ... ; வேடம் ஆண்ட்ரூ கார்ஃபீல்டுக்குப் போனது." பெயராகவும் வேண்டும், வினையாகவும் வேண்டும்.

— வெ.

*

தம்பி வெ.,

உங்கள் நண்பர் கேட்டது சரியான கேள்வி. பரீட்சை என்ற பொருளை விட்டுவிட்டாலும் சிக்கல் தீராது. 'நடிகர் தேர்வு' என்றால் நடிகரைத் தேர்வது. அதே அச்சில் 'ரசிகர் தேர்வு' என்றால் ரசிகரைத் தேர்வது என்றுதானே ஆகும்? ரசிகர் தேர்ந்தது என்றும் கொள்ளலாம். 'புலிகொல் யானை' போலத்தான். யானை புலியைக் கொன்றதா, புலி யானையைக் கொன்றதா? தொல்காப்பியர் இதைத் தடுமாறு தொழிற்பெயர் என்கிறார். உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டும் இதுதான். வழக்கில் உள்ள சொல் தடுமாறினால் இடம் பார்த்துப் பொருள் கொள்ளலாம். நாமே புதிதாக ஆக்கும் சொல் தடுமாறக் கூடாது.

'காஸ்டிங்' என்பதற்கு 'வார்ப்பு' என்று யாராவது சொல்வதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அது உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றுவது. நடிகரை ஊற்ற முடியாது.

— சா.

*

ஐயா,

'தேர்வு' போகட்டும். 'ரசிகர்' மட்டும் எப்படித் தப்பியது? ரசம் வடமொழி. நம்மிடம் 'நேயர்' இருக்கிறது. வானொலியில் 'நேயர் விருப்பம்' கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நேயம் 'நெய்' என்ற வேரிலிருந்து வந்தது. ஒட்டுவது, கசிவது, நீங்காதிருப்பது எல்லாம் அந்த வேரில் இருக்கின்றன.

'வேடம்' என்பதையும் வடசொல் என்று தள்ளுவார்கள். வேய்தல் என்றால் மேலே இட்டு மூடுதல், சூடுதல். கூரை வேய்கிறோம், மாலை வேய்கிறோம், உடை வேய்ந்தால் வேடம். இதை விரிவாகத் தனிமடலில் எழுதுகிறேன். ஆனாலும் ஐயத்துக்கு இடமில்லாத சொல் 'கோலம்'. சிலப்பதிகாரத்தில் வேட்டுவ வரியைப் பாருங்கள். எயினர் தங்கள் குடியிலேயே ஒரு குமரியைக் கொற்றவையாகக் கோலம் செய்கிறார்கள். அங்கே கோலம் கொடுப்பது மன்னன் இல்லை, கூத்தின் தலைவன் இல்லை, வழிபடும் மக்கள். இந்த ரசிகர்கள் செய்வதும் அதுதானே?

என் பரிந்துரை: நேயர் கோலம். வினை: கோலமிடு.

— மா.

*

மா. ஐயாவின் வேட்டுவ வரி மனத்தைத் தொட்டது. ஆனால் "குளோவரை ஸ்பைடர்மேனாகக் கோலமிட்டார்கள்" என்று படிப்பவருக்குத் தரையும் மாவும்தான் தெரியும். நேயம் பற்றி: வடமொழி 'ஸ்நேக'த்துக்கும் எண்ணெய்ப்பசை, அன்பு என்று இரண்டு பொருளும் உண்டு. வேரை வைத்து மட்டும் இந்த வழக்கு முடியாது.

நான் சொல்ல வந்தது வேறு. சொல்லைத் தேடுமுன் பொருளைப் பார்ப்போம். இதில் ஈடுபடும் யாருக்கும் நடிகரை அமர்த்தும் அதிகாரம் இல்லை. அதுதான் இதன் உயிர். 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' என்ற மீநாயகர் குழுவின் தலைவர் ரீட் ரிச்சர்ட்ஸ் வேடத்துக்கு நடிகர் ஜான் கிராசின்ஸ்கிதான் என்று ரசிகர்கள் பல ஆண்டுகள் சொன்னார்கள். 2022இல் ஒரு படத்தில் சிறிது நேரம் அவரே அந்த வேடத்தில் வந்தார். 2025இல் அந்தக் குழுவின் தனிப்படம் வந்தபோது வேடம் பெட்ரோ பாஸ்கலிடம். ரசிகர்கள் சொன்னது பலித்ததா, இல்லையா? இரண்டும்தான். அதனால் தேர்வு, அமர்த்தம், ஒதுக்கீடு என்று முடிவைக் குறிக்கும் எந்தச் சொல்லும் ஆகாது.

மா. ஐயா தம்மை அறியாமலே ஒரு சொல் தந்துவிட்டார்: பரிந்துரை. ஒருவருக்காகப் பரிந்து உரைப்பது. அன்பும் இருக்கிறது, அதிகாரமின்மையும் இருக்கிறது. வேடப்பரிந்துரை. யார் செய்வது என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ரசிகர் வேடப்பரிந்துரை'.

— தே.

*

தே. அம்மா சொல்வது பெரிதும் பொருந்துகிறது. ஓர் ஐயம். 2002இல் வந்த ஒரு காமிக்ஸில் நிக் ஃப்யூரி என்ற உளவுத் தலைவரை நடிகர் சாமுவேல் எல். ஜாக்சனின் முகத்தில் வரைந்தார்கள். 2008இல் திரையில் அவரே வந்தார். வரைந்தவர்கள் ரசிகர்கள் இல்லை, படைப்பாளிகள். அது எதில் சேரும்?

"இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து
அதனை அவன்கண் விடல்"

'ஆய்ந்து' வரைதான் ரசிகர் பங்கு, 'விடல்' தயாரிப்பாளர் பங்கு. குறளிலேயே இரண்டும் பிரிந்து நிற்கின்றன. அப்படியானால் 'வேட ஆய்வு' என்றால் என்ன?

— சா.

*

'வேட ஆய்வு' என்றால் முனைவர் பட்டத்துக்கு என்று நினைப்பார்கள் ஐயா.

எனக்கு எதுவும் வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. இந்தப் படங்களைப் பார்க்கும் பிள்ளைகள் 'ஃபேன் காஸ்டிங்' என்றே சொல்கிறார்கள். அவர்களுக்காகத்தானே கட்டுரை? வடசொல்லை வடவெழுத்து நீக்கி எடுத்துக்கொள்ளலாம் என்று தொல்காப்பியரே வழிவிட்டிருக்கிறார். ஆங்கிலச் சொல்லுக்கு மட்டும் ஏன் கதவடைப்பு?

— க.

*

தொல்காப்பியர் எழுத்தை மாற்றி ஏற்கச் சொன்னார். 'ஃபேன்' என்பதில் எந்த எழுத்தை மாற்றினீர்கள்? ஆய்தத்தைப் பகரத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டால் அது தமிழாகிவிடாது. பிள்ளைகள் சொல்வதையே எழுதுவதானால் இந்தக் குழுவே தேவையில்லை.

— மா.

*

அனைவருக்கும் நன்றி. நாளை காலை அனுப்ப வேண்டும். சா. ஐயா, தே. அம்மா, தனிமடலில் எழுதிய இருவர் ஆகியோர் 'வேடப்பரிந்துரை' பக்கம். சா. ஐயா நிக் ஃப்யூரி கேள்விக்கு விடை வந்த பிறகே முழுச் சம்மதம் என்கிறார். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "ஸ்பைடர்மேன் வேடத்துக்கு டொனால்ட் குளோவரை ரசிகர்கள் பரிந்துரைத்தார்கள்." தடையில்லாமல் ஓடுகிறது. முதல் முறை வரும் இடத்தில் மட்டும் க. சொன்னபடி 'ஃபேன் காஸ்டிங் எனப்படும் ரசிகர் வேடப்பரிந்துரை' என்று போடுகிறேன்.

— வெ.

*

தம்பி, அனுப்புங்கள், தடுக்கவில்லை. ஆனால் குழுவின் சொற்பட்டியலில் ஏற்றும்போது 'நேயர் கோலம்' என்பதையும் பக்கத்தில் போட வேண்டும். பரிந்துரை வேலைக்கும் உண்டு, மருந்துக்கும் உண்டு. தான் விரும்பும் முகத்துக்கு முகமூடி மாட்டி வரைந்து பார்க்கும் அந்த ஆசை அதில் எங்கே இருக்கிறது? வேய்தல் பற்றிய மடல் இன்று இரவு வரும்.

— மா.