மார்கழியில் பார்த்த வேலைக்குச் சித்திரையில் கூலி

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்கள் ஊர். நான் சேலத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன், அம்மா மட்டும் மேலே இருக்கிறார். மூட்டுவலி வந்த பிறகு எஸ்டேட் சரிவில் ஏறி இறங்கிக் காப்பிப் பழம் எடுக்க அவரால் முடியவில்லை. அவருக்கென்று இருந்த வருமானம் நூறு நாள் வேலைதான்.

2024 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலுமாக 24 நாள் கல் வரப்பு வேலைக்குப் போனார். மார்கழிப் பனியில் எங்கள் மலையில் காலையில் விரலை மடக்கவே முடியாது. காலையில் ஒரு போட்டோ, மதியம் ஒரு போட்டோ எடுப்பார்கள். ஒன்று தவறினாலும் அன்றைய வருகை போச்சு. அம்மா ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

பொங்கலுக்குள் பணம் ஏறிவிடும் என்று நம்பியிருந்தார். ஏறவில்லை. பாஸ்புக்கை மடியில் வைத்துக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறிப் போவதும், "இன்னும் வரலம்மா" என்று கேட்டுத் திரும்புவதுமாக நான்கு முறை அலைந்தார். பஸ் காசு தனிச் செலவு.

எனக்கு இன்றும் மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. தப்புத் தன் மேல்தான் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். ஆதார் சரியாகச் சேரவில்லையோ, போட்டோவில் முகம் விழவில்லையோ, மற்றவர்களை விடக் கல் குறைவாகத் தூக்கினோமோ என்று ஒரு மாதம் தூங்காமல் கிடந்திருக்கிறார். என்னிடம் சொல்லவும் கூச்சம். பிப்ரவரியில் ஊருக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. "உனக்கு மட்டும் இல்லம்மா, தமிழ்நாடு முழுக்க யாருக்கும் வரல" என்று சொன்ன பிறகுதான் அன்று சாப்பிட உட்கார்ந்தார்.

நடந்தது இதுதான். அப்போது கூலிப் பணம் முழுவதும் மத்திய அரசு தர வேண்டியிருந்தது. அந்த வருடத்துக்குத் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய 20 கோடி மனித நாட்கள் (ஒருவர் ஒரு நாள் பார்க்கிற வேலை ஒரு மனித நாள்) தீர்ந்துவிட்டன, அதை 35 கோடியாக உயர்த்துங்கள் என்று மாநில அரசு கேட்டது. நிலுவைக் கூலி 1,056 கோடி ரூபாயை விடுவிக்கச் சொல்லி முதலமைச்சர் ஸ்டாலின் ஜனவரி 13 அன்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மார்ச்சில் அந்த நிலுவை 4,034 கோடி என்றார்கள். மத்திய அமைச்சர், தமிழ்நாட்டுக்கு ஏற்கெனவே 10,000 கோடிக்கு மேல் கொடுத்திருக்கிறோம், மக்கள்தொகை அதிகமான உத்தரப் பிரதேசத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார். யார் கணக்குச் சரியோ, தீர்த்துக்கொள்ளட்டும். ஆனால் வேலை முடிந்துவிட்டது. எங்கள் அம்மா கட்டிய வரப்பு அங்கேதான் இருக்கிறது.

மாத்திரைக்கும் சாமானுக்குமாக அம்மா 5,000 ரூபாய் மூணு வட்டிக்கு வாங்கியிருந்தார். 15 நாளுக்குள் கூலி தர வேண்டும், தவறினால் ஒரு நாளைக்கு 0.05 சதவீதம் இழப்பீடு என்று நூறு நாள் வேலைச் சட்டத்தில் அப்போது இருந்தது. மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் ஆகிறது, அவர் கட்டிய வட்டியில் பாதி. அதுவும் அவர் கைக்கு வரவில்லை. கூலி வந்தது சித்திரை மாதத்தில்.

உங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

பதில் – சேலம், அம்மாபேட்டை

நான் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிற வேலை பார்க்கிறேன். தனியார் பள்ளியில் 25 சதவீத இலவச இடம் கிடைக்கும் என்று மகளுக்காக இரண்டு வருடம் காத்திருந்தோம். 2025இல் ஏப்ரல், மே எல்லாம் போனது, விண்ணப்பமே திறக்கவில்லை. மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்துப் போடாததால், இந்த இலவச இடங்களுக்கான பணமும் சேர்ந்த கல்வி நிதி 2,152 கோடி வரவில்லை என்று செய்தியில் படித்தேன். அந்த ஒப்பந்தம் ஏற்கச் சொல்கிற தேசியக் கல்விக் கொள்கை வேண்டுமா வேண்டாமா என்பது பெரிய பேச்சு. அதில் எனக்கும் ஒரு கருத்து உண்டு. ஆனால் என் பிள்ளைக்கு நாலு வயது, அவள் அடுத்த வருடம் வரை காத்திருக்க முடியாது.

வெள்ளி விலை ஏறி வேலையும் குறைந்திருந்த நேரம். மனைவி கம்மலை அடகு வைத்து எல்.கே.ஜி.யில் சேர்த்தோம். அக்டோபரில்தான் சேர்க்கை தொடங்கியது. மகள் பெயர் வந்துவிட்டது. கம்மல் இன்னும் அடகுக்கடையில்தான் இருக்கிறது.

பதில் – ஏற்காடு மலை, மளிகைக்கடை

முதலில் எழுதியவரின் அம்மா எந்த ஊர் என்று ஊகிக்க முடிகிறது. அவரைப் போல நிறையப் பேர் என் நோட்டில் உண்டு. வழக்கமாகக் கடன் ஒரு வீட்டுக்கு ஐந்நூறு, அறுநூறு நிற்கும். அந்த நாலு மாதத்தில் சில வீடுகளுக்கு நாலாயிரம் தாண்டியது. அரிசியும் எண்ணெயும் கேட்டு வருகிற அக்காவிடம் டெல்லியில் பணம் நிற்கிறது என்று சொல்லிக் கையை விரிக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் எனக்குச் சாமான் போடுகிற சேலம் லீ பஜார் மொத்தக் கடையில் பழைய பாக்கி கட்டாமல் மூட்டை ஏற்ற மாட்டேன் என்றார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. என் வண்டியை விற்றுத்தான் அந்தப் பாக்கியைக் கட்டினேன். இப்போது சரக்கெடுக்கப் பஸ்ஸில்தான் கீழே போய் வருகிறேன்.

கூலி ஏறிய அன்று பேங்கில் இருந்து நேராகக் கடைக்கு வந்தவர்கள்தான் அதிகம். சேலையோ பலகாரமோ வாங்கப் போகவில்லை, முதலில் என் பாக்கியைக் கொடுத்தார்கள். இன்னும் ஏழு வீட்டுக் கணக்கு முடியவில்லை. அவர்கள் கூச்சப்பட்டுக்கொண்டு இரண்டு மைல் நடந்து அடுத்த ஊர்க் கடைக்குப் போகிறார்கள். இதைப் படிக்கிறவர்களுக்கு அவர்களைத் தெரிந்திருந்தால் சொல்லுங்கள். நான் பணம் கேட்க மாட்டேன், எப்போதும் போலக் கடைக்கு வரச் சொல்லுங்கள்.