ஒரு மானாவுக்கு மூன்று அட்டைகள் அதிகமா?

கேள்வி (ஜோர்ஜ்டவுன்): 'மேஜிக்: த கேதரிங்' அட்டை ஆட்டத்துக்காகப் பினாங்கு ஃபெரியை ஓர் அட்டையாக வரைந்திருக்கிறேன். ஒரு நீல மானா (அட்டையை ஆடச் செலுத்தும் ஆற்றல்) செலுத்தி மூன்று அட்டைகளை எடுக்கலாம் என்று எழுதியதால், அது கைக்கு வந்தவரே பெரும்பாலும் வெல்கிறார். அதன் மானா விலையை எவ்வளவு உயர்த்தலாம், அண்ணன்மார்களே?

பதில் (பிரிக்பீல்ட்ஸ்): தம்பி, 1993இல் வந்த 'அன்செஸ்ட்ரல் ரீகால்' அட்டை இதே விலைக்கு இதையேதான் தந்தது; 'விண்டேஜ்' என்ற ஆட்ட வகையில் இன்றும் ஒருவர் தன் அட்டைக் கட்டில் அதில் ஒன்றுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. அதே மூன்று அட்டைகளுக்கு நான்கு மானா கேட்கும் 'கான்சன்ட்ரேட்' அட்டையை அளவுகோலாகக் கொள்ளுங்கள்.

பதில் (பட்டர்வொர்த்): அச்சடிக்க அவசரப்படாதீர்கள். 63க்கு 88 மில்லிமீட்டரில் வெட்டிய தாளைப் பழைய அட்டையோடு உறைக்குள் செருகி, ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணை மட்டும் மாற்றி ஆடிப் பாருங்கள்.

கேட்டவர்: பென்சிலால் நான்கு என்று திருத்தி நேற்றிரவு ஆடினோம். மூன்று ஆட்டங்களில் ஒன்றில்தான் ஃபெரி வெற்றியைத் தீர்மானித்தது. மிக்க நன்றி.