மறு: எதிர்காலப் போர்வீரரின் சுமையணி – ‘கவசம்’ போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

செவ்வாய்க் கோளில் நடக்கும் தன் புனைகதையில் வீரர்கள் பாரம் சுமக்க அணியும் கருவிகளுக்குத் தமிழ்ச்சொல் வேண்டும் என்று நண்பர் கேட்டதற்கு வந்த மறுமொழிகளை ஒரே மூச்சில் படித்தேன். ஆற்றல் கவசம், எந்திரக் கவசம், சுமைக் கவசம், புறக்கவசம் என்று எப்படிச் சுற்றினாலும் கவசத்திலேயே வந்து நிற்கிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. கவசம் காப்பது. நண்பர் பெயர் கேட்பதோ சுமப்பதற்கு. ஒருவர் எடுத்துத் தந்த ‘மெய்ம்மறை’ என்ற பழைய கவசச் சொல்லும் இங்கே உதவாது. பதிற்றுப்பத்தில் அரசனையே ‘சான்றோர் மெய்ம்மறை’ என்று பாடுகிறார்கள். அருமையான சொல்தான், ஆனால் அதன் வேலை மறைப்பதோடு முடிந்துவிடுகிறது.

> எதிர்காலத்தில் எல்லாமே இலேசாகிவிடும். சுமைக்கென்று தனிச்சொல் எதற்கு?

இதுவரை நடந்தது நேர்மாறு. அமெரிக்கத் தரைப்படையின் 1990ஆம் ஆண்டு நடைபயணக் கையேடு, சண்டையின்போது வீரன் சுமப்பது 22 கிலோவுக்குள்ளும், களத்தை நோக்கி நடக்கும்போது 33 கிலோவுக்குள்ளும் இருக்கட்டும் என்றது. 2003இல் ஆப்கானிஸ்தானில் வீரர்களைத் தராசில் நிறுத்திப் பார்த்தபோது அவை சராசரியாக 29, 46 என்று வந்தன. நெருக்கடி நேரச் சுமை 60 கிலோவைத் தொட்டது. ஒவ்வொரு கருவியும் இலேசாகத்தான் ஆனது. கருவிகளின் எண்ணிக்கை அதைவிட வேகமாக ஏறிவிட்டது. இரவுப் பார்வைக் கண்ணாடி, வானொலி, இடங்காட்டி எல்லாவற்றுக்கும் மின்கலம் வேண்டும். மூன்று நாள் ரோந்து என்றால் மின்கலங்களே ஏழெட்டுக் கிலோ. நண்பரின் கதை 22ஆம் நூற்றாண்டில் நடந்தாலும் இந்தக் கணக்கு அவரை விடாது.

செவ்வாய் என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே ஈர்ப்பு புவியில் 38 விழுக்காடுதான். 60 கிலோ மூட்டையைத் தூக்கினால் இங்கே 23 கிலோவைத் தூக்குவதுபோல் இருக்கும். ஆனால் ஓடிக்கொண்டிருப்பவன் சட்டென்று நிற்கவோ திரும்பவோ முயன்றால் 60 கிலோவும் அப்படியே அவனைத் தள்ளும். 1972இல் அப்பல்லோ 16இல் சென்ற சார்லி டியூக் நிலவில் விளையாட்டாக உயரம் தாண்டிப் பார்த்தார். முதுகிலிருந்த உயிர்காப்புப் பெட்டி பின்னுக்கு இழுக்க, மல்லாந்து அந்தப் பெட்டியின் மேலேயே விழுந்தார். மூச்சுக்காற்று மொத்தமும் அதற்குள்தான் இருந்தது. எடை ஆறில் ஒரு பங்காகக் குறைந்த இடத்தில் நடந்த கதை இது.

அதனால்தான் ‘நிறைதாங்கி’ என்ற முன்மொழிவை இப்போதே கைவிடச் சொல்கிறேன். தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை என்றால் பொருளில் அடங்கிய அளவு. ஈர்ப்பால் வருவது எடை. இலங்கைப் பாடநூலில் முதலாவது திணிவு, இரண்டாவதுதான் நிறை. வேறு கதையென்றால் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் வீரன் விழுவதும் எழுவதும் இருக்கிறது என்கிற கதையில், சென்னை வாசகரும் யாழ்ப்பாணத்து வாசகரும் ஒரே சொல்லை நேரெதிராகப் படித்தால் என்ன ஆவது? ‘சுமை’ இரு கரைக்கும் பொது. அதையே அடிச்சொல்லாக வைத்துக்கொள்வோம்.

இனி பாகுபாடு. பாரம் கடைசியில் எங்கே போய் இறங்குகிறது என்று பார்த்துப் பெயர் வைத்தால் குழப்பம் தீரும் என்பது என் கருத்து. அது வீரனின் உடம்பில் இறங்கலாம், உடம்பைத் தொடாமல் தரைக்குப் போகலாம், அல்லது வேறொன்றின் முதுகுக்குப் போய்விடலாம்.

உடம்பில் இறங்குவதைப் பற்றி முதலில். இது வார்களும் பைகளும் சேர்ந்த அணி. 1990களின் பிற்பாதியில் அமெரிக்கப் படைக்கு வந்த மோலி அமைப்பைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சட்டையின் மேல் 25 மில்லிமீட்டர் அகல நைலான் வார்கள் வரிவரியாக ஓடும், வரிக்கு வரி அதே 25 மில்லிமீட்டர் இடைவெளி, ஒவ்வொரு வாரும் 38 மில்லிமீட்டருக்கு ஒரு தையல். தையலுக்கும் தையலுக்கும் நடுவே வார் கொஞ்சம் தூக்கி நிற்கும். பையின் பின்புற நாடாவை அந்தக் கண்ணில் நுழைத்து, பையின் சொந்த வாரில் நுழைத்து, மறுபடி சட்டையின் கண்ணில் நுழைத்து, ஓலை முடைவதுபோல் முடைந்து அடியில் பொத்தானை அழுத்த வேண்டும். தோட்டா உறையா, தண்ணீர்ப் பையா, முதலுதவிப் பையா, எதை எங்கே வைப்பது என்பது அணிகிறவன் விருப்பம்.

இதற்குக் ‘கலன்கச்சை’ என்று சொல்லலாம். அதியமான் வாயிலில் நின்று ஔவையார் கோபித்துக் கிளம்பும் புறநானூற்றுப் பாட்டில் ‘காவினெம் கலனே, சுருக்கினெம் கலப்பை’ என்று வருகிறதே, அந்தக் கலன். யாழும் முழவும் காவடியில் ஏறின, கருவிப் பையின் வாய் சுருங்கியது, இனி எத்திசை போனாலும் அத்திசைச் சோறு. ‘கலப்பை’யையே எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்கும் கை துறுதுறுக்கிறது. கலம் வைக்கும் பை, இதைவிடப் பொருத்தம் ஏது? ஆனால் ‘வீரர்கள் கலப்பையோடு கப்பலிலிருந்து குதித்தார்கள்’ என்று எழுதினால் செவ்வாயில் உழவு பார்க்கப் போகிறார்கள் என்றுதான் எவரும் நினைப்பார்கள். கச்சை போதும். வரிசையாக நிற்கும் அந்தக் கண்களுக்கு ‘வார்க்கண்’. பவுச்சுக்குப் புதுச்சொல் தேவையே இல்லை. உறை, பை இரண்டும் இருக்கின்றன.

அடுத்தது எக்ஸோஸ்கெலிட்டன், அதாவது உடம்புக்கு வெளியே மாட்டிக்கொண்டு பாரத்தைத் தரைக்கு அனுப்பும் சட்டகம். விவாதம் சூடானதும் இங்கேதான்.

> உயிரியலில் புறச்சட்டகம் என்று இருக்கிறதே, இலங்கையில் புறவன்கூடு. அதையே வைத்துக்கொள்ளலாமே?

நண்டுக்கு அது சரி. நண்டின் ஓடு நண்டோடு வளர்ந்தது, கழற்றினால் நண்டு இல்லை. நமக்கு வேண்டியது ஏறி இறங்கக்கூடிய ஒன்று.

> ‘காவுடை’ எப்படி? காவுதல் எங்கள் பக்கம் அன்றாடப் பேச்சு.

யாழ்ப்பாணத்து நண்பரின் இந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்தது. கா என்றால் காவுதடி. ஔவையின் ‘காவினெம்’ இன்றைக்கும் அங்கே ‘காவிக்கொண்டு போ’ என்று உயிரோடு இருக்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் சிக்கல். இங்கே காவு என்றதும் காதில் விழுவது ஆடு, கோழி. படைவீரனுக்குக் காவுடை மாட்டிவிட்டால் அவனைப் பலிகொடுக்கக் கூட்டிப்போவதாகப் பொருள்பட்டுவிடும். போருக்கு எதிரான கதை என்றால் நண்பர் அதையே வேண்டுமென்று வைத்துக்கொள்ளலாம், அது வேறு.

என் முன்மொழிவு ‘சுமைக்கூடு’. இந்தப் பொறிகளின் வரலாற்றைப் பார்த்தால் கூடு என்பதன் நியாயம் புரியும். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1965இல் தொடங்கிய ஹார்டிமான் கிட்டத்தட்ட 680 கிலோ எடை. அதே அளவு பாரத்தை மனிதன் அநாயாசமாகத் தூக்க வேண்டும் என்பது திட்டம். ஒரு கை மட்டும் வேலை செய்தது. முழு உடம்பையும் இயக்கப் பார்த்தபோது கட்டுக்கடங்காமல் உதறத் தொடங்கியது. உள்ளே ஆளை வைத்து ஓட்டத் துணியவில்லை. 2009இல் லாக்ஹீட் மார்ட்டின் காட்டிய ஹல்க் 91 கிலோ வரை தாங்கி, பாரத்தை டைட்டானியக் கால்கள் வழியே தரைக்கு அனுப்பியது. தாங்கியது சரி, உழைப்பு குறைந்ததா? இதே வகைக் கால்கூடு ஒன்றை அணிந்து நடந்தவர்களை அளந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில் ஆக்சிஜன் செலவு கூடியிருந்தது. வியப்பில்லை. பாதத்தில் கட்டிய ஒரு கிலோ, முதுகில் ஏற்றிய நான்கைந்து கிலோவின் உழைப்பை வாங்கிவிடும். ஒவ்வோர் அடிக்கும் அதை வீசித் தூக்க வேண்டுமே. 2013இல் அமெரிக்கச் சிறப்புப் படைகள் அறிவித்த டேலோஸ், காப்பதையும் சுமப்பதையும் ஒரே உடுப்பில் சேர்க்கப் பார்த்தது. முழு உடுப்பு கைக்கு வராமலே 2019இல் திட்டம் முடிந்தது. கவசத்தையும் சுமையையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கூடு என்றால் உடம்பு, சட்டகம், உயிர் தங்கிப் போகும் இடம். கூடுவிட்டுக் கூடு பாய்வது நம் கதைகளுக்குப் புதிதல்ல. வினையும் தானாகவே கிடைக்கிறது: ‘கூடேறு’, ‘கூடிறங்கு’. தளபதியின் வாயில் ‘எல்லாரும் கூடேறுங்கள்!’ என்ற கட்டளையைச் சொல்லிப் பாருங்கள். ‘ஆற்றல் கவசத்தை அணிந்துகொள்ளுங்கள்’ என்று முடிப்பதற்குள் எதிரி வந்துவிடுவான். மோட்டார் உள்ளது இயங்குகூடு, வெறும் வில்லும் நெம்புகோலும் உள்ளது தாங்குகூடு, குண்டும் துளைக்காததென்றால் கவசக்கூடு. கவசத்துக்கு இங்கே அடைமொழியாக ஓரிடம் கிடைத்துவிட்டது, அதன் ரசிகர்கள் வருந்த வேண்டாம்.

> சுமைதாங்கி என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்க, சுமைக்கூடு எதற்கு?

சுமைதாங்கி சாலையோரத்தில் நிற்கும் கல். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒன்றைப் படுக்கவைத்து, தலைச்சுமைக்காரர் யார் துணையும் இல்லாமல் இறக்கி ஏற்றத் தோதான உயரத்தில் கட்டியது. கருவோடு இறந்த பெண்களின் நினைவாக வைக்கப்பட்டவையும் உண்டு. நடப்பதற்கு அந்தப் பெயரை வைப்பது எனக்கு ஒட்டவில்லை. ஆனால் நண்பரின் கதையில் தளத்துக்குள் ஒரு நிலைச்சட்டம் வருகிறது: வீரன் பின்பக்கமாக நடந்து அதில் முதுகைப் பொருத்துவான், கொக்கிகள் கூட்டைப் பிடித்துக்கொள்ளும், அவன் வெளியே வந்துவிடுவான், கூடு அங்கேயே மின்னேறும். அதற்கு அவர் ‘டாக்கிங் ரேக்’ என்று எழுதியிருக்கிறார். அதுதான் அசல் சுமைதாங்கி, ஓர் எழுத்தும் மாற்ற வேண்டாம். அதுபோலத் தோளிலும் இடுப்பிலும் கூடு உறுத்தாமல் இருக்க வைக்கும் மெத்தைக்குச் ‘சும்மாடு’. சந்தையில் இன்னும் புழங்கும் சொல்லை விட்டுவிட்டு ‘அழுத்தப் பகிர்வுத் திண்டு’ என்றெல்லாம் எழுதாதீர்கள்.

வேறொன்றின் முதுகுக்குப் போவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 180 கிலோ சுமக்கும் நான்குகால் எந்திரம் ஒன்றை அமெரிக்க மரீன் படை சோதித்துப் பார்த்து, பெட்ரோல் இயந்திரத்தின் இரைச்சல் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்று 2015இல் ஒதுக்கியது. 1971இல் அப்பல்லோ 14இன் ஷெப்பர்டும் மிட்செலும் இருசக்கர வண்டி ஒன்றை நிலவில் கையால் இழுத்துக்கொண்டு நடந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் ரிக்‌ஷா. ஆவணத்தில் ‘பொதியெந்திரம்’ என்று இருக்கட்டும், வீரர்கள் பேச்சில் ‘பொதிமாடு’ என்றே வரட்டும்.

நீரில் விழுந்தாலோ தீப்பற்றினாலோ மொத்த அணியையும் ஒரே இழுப்பில் கழற்றிவிடும் கயிறு இன்றைய குண்டு துளைக்காத சட்டைகள் சிலவற்றில் இருக்கிறது. அதற்கு ‘உதறுநாண்’. இதை எவரும் கேட்கவில்லை, கதைக்கு எப்படியும் தேவைப்படும் என்று சேர்த்திருக்கிறேன்.

இரண்டு சொற்களுக்கு எனக்கு முடிவு கிடைக்கவில்லை. ஹார்ட்பாயின்ட், அதாவது கூட்டின் உடலில் ஆயுதமோ பெட்டியோ பூட்டப்படும் வலுவான இடம். ‘கொளுவிடம்’ இலங்கையில் உடனே புரியும், இங்கே விளக்கம் கேட்பார்கள். ‘மாட்டுமுனை’ இங்கே புரியும், ஆனால் மாட்டின் முனையா என்று கேலி வரும். அடுத்தது, கூட்டுக்கு வெளியிலிருந்து மின்சாரமும் காற்றும் கொண்டுவரும் குழாய். 2010இல் ரேதியான் காட்டிய எக்ஸோஸ் 2 இப்படி ஒரு குழாயால் கட்டுண்டுதான் நடந்தது. ‘தொப்புள்கொடி’ என்று எழுதியிருந்தேன். ஆயுதம் தாங்கியவனுக்கு அது மிகவும் குழந்தைத்தனம் என்கிறார் நண்பர். வெறும் ‘கொடி’ என்றால் தேசியக்கொடியோடு மோதும். பொறியியல் துறையில் இருப்பவர்கள், குறிப்பாக ஆழ்கடல் முக்குளிப்புத் தொழிலில் இருப்பவர்கள், உங்கள் தளத்தில் இந்தக் குழாயை என்னவென்று கூப்பிடுகிறீர்கள் என்று எழுதினால் நல்லது.

அன்புடன்