மான்குசோவிடம் மிக்ஸர் இருந்ததா, இல்லையா?

ஊசிமுனை:
தட்டுக்காரி நேற்று போட்ட நீண்ட பதிவைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே எரிச்சல். லண்டனில் லக்கி கிளவுட் சவுண்ட் சிஸ்டம் என்ற குழு நடத்தும் வினைல் இசைத்தட்டு டிஸ்கோ விருந்தைப் பற்றி உருகி உருகி எழுதியிருக்கிறார். உருகட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் நடுவில் ஒரு வரி: "இதற்கெல்லாம் மூலவரான டேவிட் மான்குசோ மிக்ஸரைத் தொட்டதே இல்லை. ஒரு தட்டு முழுதாக ஓடும், ஒரு நொடி அமைதி, பிறகு அடுத்த தட்டு. அந்த அமைதியில்தான் சமூகம் உருவானது."

தவறு. நியூயார்க்கில் 647 பிராட்வேயில் இருந்த தன் வீட்டிலேயே 1970 பிப்ரவரி 14 அன்று லாஃப்ட் என்ற நடன விருந்தைத் தொடங்கியவர் அவர். எழுபதுகளில் மிக்ஸர் கருவியால் ஒரு தட்டின் முடிவை அடுத்த தட்டின் தொடக்கத்தோடு இழைத்து, இடைவெளி விடாமல் கலந்துதான் போட்டார். எண்பதுகளின் தொடக்கத்தில்தான் அதை விட்டார், மிக்ஸரையும் கழற்றினார். சிகரெட்டை விட்டவரைப் பிடித்ததே இல்லை என்பீர்களா?

தட்டுக்காரி:
ஊசிமுனை சார், அவ்வளவு பெரிய பதிவில் உங்கள் கண்ணில் பட்டது அந்த ஒரு வரிதானா? பலூன் ஊதுவதிலிருந்து ஸ்பீக்கர் தூக்குவது வரை அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே செய்கிறார்கள் என்று எழுதினேன். பாட்டு முடிந்ததும் கைதட்டுகிறார்கள் என்று எழுதினேன். அதெல்லாம் காணவில்லையா? நான் அங்கே போய் ஆடியவள். மேடையும் இல்லை, மிக்ஸரும் இல்லை. மான்குசோ தன்னை டிஜே என்று சொல்லிக்கொள்ள விரும்பாதவர். விருந்தளிப்பவர், அவ்வளவுதான்.

ஊசிமுனை:
லண்டன் விருந்து தொடங்கியது 2003இல். நான் பேசுவது எழுபதுகளைப் பற்றி. பேரன் வீட்டுக்குப் போய்வந்துவிட்டு, தாத்தாவுக்கு மீசையே இல்லை என்கிறீர்கள். அப்புறம் அந்த லண்டன் விருந்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் டிம் லாரன்ஸ். மான்குசோவையும் கூட இருந்தவர்களையும் பேட்டியெடுத்து அந்த வரலாற்றை எழுதியவரே அவர்தான். கலந்த கதையும் அதில் உண்டு. உங்கள் குழுவின் ஆளே எனக்குச் சாட்சி.

மைக்செட் மாணிக்கம்:
எனக்கு ஒன்று புரியவில்லை. எங்கள் அப்பா முப்பது வருடம் மைக்செட் வைத்திருந்தார். ஒரு தட்டு முடிந்தால் அடுத்த தட்டு. நடுவில் அமைதி என்ன, காது குத்து வீட்டுக்காரர் வந்து திட்டுகிற வரைக்கும் அமைதிதான். அவரை யாரும் "விருந்தளிப்பவர்" என்று சொல்லவில்லை. "ஏய் மைக்செட்டு, சவுண்டைக் குறை" என்றார்கள். நம் ஊரில் தட்டுப் போட்டு ஆடினால் ரெக்கார்டு டான்ஸ், போலீஸ் வரும். லண்டனில் ஆடினால் சமூகமா?

ஊசிமுனை:
மாணிக்கம் அண்ணே, அங்கேயும்தான் வந்தார்கள். ஆட்டம் நடக்கும் இடத்துக்கு வேண்டிய கேபரே உரிமம் இல்லை என்று நகர நிர்வாகம் வழக்குப் போட்டது. அவர் மது விற்கவில்லை, சாப்பாடும் விற்கவில்லை. பழம், கடலை, பஞ்ச் எல்லாம் இலவசம். எதையும் விற்காததால் உரிமம் தேவையில்லை என்று தீர்ப்பாகி ஜெயித்தார். ஆனால் கேள்வி அதுவல்ல, மிக்ஸர்.

மைக்செட் மாணிக்கம்:
கடலை இருந்தது, மிக்சர் மட்டும் இல்லையாக்கும்.

வெறும்காது:
மிக்ஸரை விடுங்கள். "வினைலில்தான் உயிர் இருக்கிறது" என்றும் தட்டுக்காரி எழுதியிருக்கிறார். 2022இல் மொபைல் ஃபிடெலிட்டி என்ற தட்டு நிறுவனத்தின் கதை தெரியுமா? முழுக்க அனலாக், டிஜிட்டல் கலக்காதது என்று நம்பி ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுத்து வாங்கிய தட்டுகள் பலவற்றில் நடுவே டிஜிட்டல் கட்டம் இருந்தது வெளியே வந்தது. அதுவரை எந்தப் பொற்காதுக்காரரும் கண்டுபிடிக்கவில்லை. காது கேட்டது உறையைத்தான்.

தட்டுக்காரி:
வந்துவிட்டார். போன வருடம் கேசட் விவாத இழையில், இரைச்சலைக் குறைக்கும் டால்பி பற்றித் தப்பாகச் சொல்லி மாட்டிக்கொண்டவர்தானே நீங்கள்? அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

வெறும்காது:
டால்பியின் பி வகை பற்றி நான் சொன்னது சரி. சி வகை பற்றிச் சொன்னதை நீங்கள் மாற்றிப் படித்தீர்கள்.

தட்டுக்காரி:
எல்லோரும்தான் மாற்றிப் படித்தார்கள் போல.

கதவோரம்:
நான் புதியவன். சமூகம் என்று எதைச் சொல்கிறோம் என்று யாராவது முதலில் சொல்லலாமா? லாஃப்டுக்கு அழைப்பிதழ் இருந்தால்தான் உள்ளே போக முடியும். அழைப்பு இல்லாதவன் படிக்கட்டில் நின்றால் அவன் அந்தச் சமூகத்தில் உண்டா, இல்லையா?

ஊசிமுனை:
நல்ல கேள்வி, தனி இழை தொடங்குங்கள். இங்கே மிக்ஸரை முடிப்போம்.

தட்டுக்காரி:
கதவோரம் தம்பிக்கு நான் சொல்கிறேன். நியூயார்க்கில் ஒருபாலின ஈர்ப்பாளர்கள் கூடும் மதுக்கூடத்தில் போலீஸ் புகுந்ததை எதிர்த்து ஸ்டோன்வால் கலவரம் நடந்தது 1969 ஜூன். எட்டு மாதம்கூட ஆகவில்லை, இந்த விருந்து தொடங்கிவிட்டது. இரண்டு ஆண்கள் சேர்ந்து ஆடினால் பிடித்துக்கொண்டு போகிற ஊர். கறுப்பர், லத்தீனோ, வெள்ளையர், ஆணை விரும்பும் ஆண்கள், பெண்கள் எல்லோரும் ஒரே கூடத்தில். அழைப்பிதழ் அவர்களைக் காப்பாற்றத்தான், உங்களை விரட்ட அல்ல. மான்குசோ யூட்டிகாவில் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர். அங்கே அலிசியா என்ற கன்னியாஸ்திரி பிள்ளைகளுக்குப் பலூன் கட்டி, தட்டுப் போட்டு விருந்து வைத்தாராம். லாஃப்டின் பலூன் அங்கிருந்து வந்தது. இதைப் பற்றி யாராவது ஒரு வரி பேசினீர்களா?

ஊசிமுனை:
பலூனை நான் மறுக்கவில்லையே. அலிசியா அம்மையாரிடமும் மிக்ஸர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டிஜே இல்லை, டிஜே இல்லை என்கிறீர்களே, 1975இல் நியூயார்க் ரெக்கார்ட் பூல் என்று ஒன்றை, தட்டு நிறுவனங்கள் டிஜேக்களுக்குப் புதுத் தட்டுகளை ஒழுங்காகக் கொடுப்பதற்காக, 99 பிரின்ஸ் தெருவில் வைத்துத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் யார்? ஹோட்டல்காரரா? பின்னாளில் பெரிய டிஜேக்களான லாரி லெவனும் ஃப்ராங்கி நக்கிள்ஸும் இளவட்டங்களாக அந்தக் கூடத்துக்கு வந்து ஆடியவர்கள். அவர்கள் கேட்டது கலந்த இசையை.

நடுநிலை நாராயணன்:
நண்பர்களே, இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. முதலில் கலந்தார், பிறகு கலக்கவில்லை. இதோடு முடித்துக்கொள்ளலாமே?

ஊசிமுனை:
அதைத்தானே முதல் பதிவிலேயே நான் சொன்னேன்! அதெப்படி "இருவர் சொல்வதிலும்"?

தட்டுக்காரி:
நாராயணன் சார், எப்போதும் போல ஓரமாக உட்கார்ந்து மிக்சர் சாப்பிடுங்கள்.

மைக்செட் மாணிக்கம்:
மிக்ஸரா மிக்சரா? எழுத்தையாவது ஒழுங்காகப் போடுங்கள், குழப்பமாக இருக்கிறது.

வெறும்காது:
என் கேள்விக்குப் பதில் வரவில்லை. லாஃப்டின் சத்தம் தட்டிலிருந்து வந்ததல்ல, பெட்டிகளிலிருந்து வந்தது. மூலையில் வைக்கும் கிளிப்ஷ்ஹார்ன் ஸ்பீக்கர்கள், ஒலியமைப்பாளர் அலெக்ஸ் ராஸ்னர் கட்டிக் கொடுத்துக் கூரையிலிருந்து தொங்கவிட்ட, உயர்சுருதிக்கான ட்வீட்டர் கொத்துகள். ராஸ்னருக்கே அத்தனை ட்வீட்டர் எதற்கு என்று தோன்றியதாம். அதில் சிடி போட்டிருந்தாலும் ஆடியிருப்பார்கள்.

தட்டுக்காரி:
1970இல் சிடி ஏது சார்?

வெறும்காது:
போட்டிருந்தால் என்றேன். தமிழ் தெரியாதா?

மைக்செட் மாணிக்கம்:
அந்தப் பன்னிரண்டு அங்குலத் தட்டே டிஜேக்கள் கலப்பதற்காகத்தானே செய்தது? அப்படி ஒரு தடவை படித்த ஞாபகம்.

ஊசிமுனை:
இல்லை அண்ணே, அது தற்செயல். ரீமிக்ஸ் கலைஞர் டாம் மோல்டன் சோதனைத் தட்டு வெட்டப் போன அன்று ஏழு அங்குல வெற்றுத் தட்டு தீர்ந்துவிட்டது. பத்து அங்குலத்தில் வெட்டினார்கள். கோடுகள் எல்லாம் ஓரமாக ஒடுங்கிக் கிடந்தன. பார்க்க நன்றாக இல்லையே என்று அகலமாக விரித்து வெட்டச் சொன்னார். கோடு அகலமானால் சத்தம் கூடும், தாழ்சுருதி திமுதிமுவென்று வரும். அப்புறம்தான் பன்னிரண்டு அங்குலம். கடைக்கு வந்தது 1976இல். பார்த்தீர்களா, ஒரு தகவலைச் சரியாகச் சொன்னால் எவ்வளவு அழகாக இருக்கிறது. "தொட்டதே இல்லை" என்று எழுதினால்தான் அசிங்கம்.

தட்டுக்காரி:
நீங்கள் ஒரு தடவையாவது ஆடியிருக்கிறீர்களா ஊசிமுனை சார்? எங்காவது?

ஊசிமுனை:
ஆடுவதற்கும் மிக்ஸருக்கும் சம்பந்தம் இல்லை.

தட்டுக்காரி:
அதுதான் சம்பந்தம். கூடத்தில் நின்றால் மிக்ஸர் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றாது. நீங்கள் 1979இல் சிகாகோ கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்த கூட்டத்தில் இருந்திருந்தாலும், "எத்தனை தட்டு" என்று எண்ணிக்கொண்டுதான் நின்றிருப்பீர்கள்.

ஊசிமுனை:
என்னை அந்தக் கூட்டத்தோடு சேர்த்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள். அந்த ஜூலை 12 பற்றி இங்கே முதலில் எழுதியதே நான். நிர்வாகி கவனிக்கவும்.

கதவோரம்:
தனி இழை தொடங்கினேன். இதுவரை யாரும் வரவில்லை.

மைக்செட் மாணிக்கம்:
வருகிறேன் தம்பி. அதற்கு முன்னால், அப்பாவின் பழைய, தானாகத் தட்டு மாற்றும் கார்ரார்ட் சேஞ்சரைத் தூசு தட்டி எடுத்திருக்கிறேன். உள்ளே இருக்கிற ரப்பர் சக்கரம் தேய்ந்து, பாட்டு இழுக்கிறது. எங்கே கிடைக்கும்?

வெறும்காது:
தேயவில்லை அண்ணே, இறுகியிருக்கும். கழற்றிச் சுத்தம் செய்துவிட்டுப் பாருங்கள்.

ஊசிமுனை:
சக்கரத்தைப் பிறகு பார்க்கலாம். தட்டுக்காரி அந்த வரியைத் திருத்தினாரா என்று பார்த்தேன். "மிக்ஸரைத் தொட்டதே இல்லை எனலாம்" என்று மாற்றியிருக்கிறார். எனலாமா? யார் எனலாம்?