பல்லு எடுத்த குழியில எலும்பு ஊறாம இருக்க பிபி காரணமா இருக்குமா?

கேள்வி கேட்டவர்: கம்பம்_பையன்

வணக்கம். அம்மாவுக்கு 57 வயசு, ரொம்ப வருஷமா பிபி இருக்கு, டெல்மிசார்டன்-ஹெச் காலையில ஒன்னு போடுறாங்க. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு கீழ் கடைவாய்ப்பல் ஒன்னு சொத்தையாகி வேர் வரைக்கும் போயிடுச்சுன்னு எடுத்தோம். மேல ஈறு மூடின மாதிரி இருக்கு ஆனா நாக்கை வச்சு தடவுனா இன்னும் பள்ளமா இருக்குன்னு சொல்றாங்க, சோறு போய் மாட்டிக்குதாம். இம்ப்ளான்ட் (எலும்புல திருகு மாதிரி பதிச்சு வைக்கிற செயற்கைப் பல்லு) வைக்கலாம்னு கேட்டதுக்கு எலும்பு இன்னும் சேரல, பிபியை குறைச்சிட்டு 3 மாசம் கழிச்சு வாங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. வீட்ல பாத்தா 160/100 காட்டுது. பிபிக்கும் எலும்புக்கும் என்னங்க சம்பந்தம்? பக்கத்து வீட்டு அக்கா வேற புண்ணு ஆற வரைக்கும் பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொல்றாங்க. வலி மாத்திரை அசிக்ளோஃபினாக், பல்லுக்கு குடுத்தது மூட்டு வலிக்கும் நல்லா கேக்குதுன்னு இன்னும் போட்டுட்டு இருக்காங்க.

பதில்: பல்லும்_சொல்லும் (பல் மருத்துவர்)

தம்பி முதல்ல மாத்திரையை நிறுத்தவே கூடாது, அதை இன்னைக்கே அம்மாகிட்ட சொல்லிடுங்க. நிறைய பேர் ரத்தம் உறையாம இருக்க போடுற ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் ஒன்னாப் போட்டு குழப்பிக்கிறாங்க. ஆஸ்பிரினையே இப்ப பெரும்பாலும் நாங்க நிறுத்தச் சொல்றதில்ல, பஞ்சு வச்சு அழுத்தி, தேவைன்னா தையல் போட்டு சமாளிச்சுக்குவோம். பிரஷர் மாத்திரையை நிறுத்துனா திடீர்னு ஏறும், அதுதான் ஆபத்து.

இப்ப பள்ளம் விஷயத்துக்கு வரேன். ஈறு மூடுறது வேற, எலும்பு நிறையுறது வேற. பல்லு எடுத்த அன்னைக்கு குழியில ரத்தக்கட்டி நிக்கும், ஒரு வாரத்துல அது இளஞ்சதையா மாறும், 3-4 வாரத்துல மேல ஈறு மூடிடும். அடியில பஞ்சு மாதிரி புது எலும்பு மெதுவாத்தான் வரும், எக்ஸ்ரேல குழி நிறைஞ்சு தெரிய 3-4 மாசம் ஆகும், கீழ் கடைவாய்ப்பல்லுக்கு 6 மாசம் கூட ஆகலாம். அதனால இப்ப பள்ளம் இருக்கறது சாதாரணம், பயப்பட ஒன்னுமில்ல. சாப்பிட்டதும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில கொப்பளிச்சா போதும், குச்சியை விட்டு நோண்ட வேண்டாம்.

பிபிக்கு சம்பந்தம் இருக்கா? இருக்கு. புது எலும்பு வளர சின்னச் சின்ன ரத்தக்குழாய் அந்தக் குழிக்குள்ள வரணும். பிபி வருஷக்கணக்கா ஏறியே இருந்தா அந்தக் குழாய்ங்களோட உள்சுவர் கெட்டு விரிஞ்சு சுருங்குற தன்மை குறையுது. கீழ்தாடைக்கு மேல்தாடையை விட ரத்த ஓட்டம் ஏற்கனவே கம்மி. பிபியை ஏத்துற ஆன்ஜியோடென்சின்னு ஒரு பொருள் உடம்புல இருக்கு, அது எலும்பைக் கரைக்கிற செல்லுங்களையும் தூண்டி விடும். சிறுநீர்ல கால்சியம் கூடுதலா போறதும் பிபிகாரங்ககிட்ட பாக்குறோம். 1963ல ஜப்பான் கியோட்டோல தானாவே பிபி ஏறுற எலி வகையை உருவாக்கினாங்க, அந்த எலிங்கள்ல பல்லு எடுத்துப் பாத்த ஆய்வுகள்ல எலும்பு ஆறுறது தாமதமா இருந்துச்சு. ஆனா எலிக்கு வந்ததை அப்படியே மனுஷனுக்குச் சொல்லிட முடியாது, மாத்திரை போட்டு கட்டுக்குள்ள வச்சிருக்கவங்களுக்கு எங்க அனுபவத்துல நல்லாவே ஆறுது.

பதில்: ஓய்வு_நர்ஸ்

டாக்டர் சொன்னதோட ஒன்னு சேத்துக்கறேன் தம்பி, அந்த அசிக்ளோஃபினாக் தான் எனக்கு உறுத்துது. அந்த வகை வலி மாத்திரையை நாள்கணக்கா போட்டா உப்பும் தண்ணியும் உடம்புல தங்கி பிபி ஏறும், பிரஷர் மாத்திரையும் சரியா வேலை செய்யாது. அம்மா போடுற டெல்மிசார்டன்-ஹெச்ல அந்த ஹெச்ங்கறது நீர் மாத்திரை, இதோட வலி மாத்திரையும் சேந்தா கிட்னிக்கு நல்லதே இல்ல. 160க்கு இதுவே கூட காரணமா இருக்கலாம். வலிக்கு பாராசிட்டமால் போதுமான்னு பிபி பாக்குற டாக்டர்கிட்ட கேட்டுட்டு மாத்துங்க, கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் ஒரு தடவை பாத்துடுங்க.

சுகர் இருக்கா? எலும்பு தேய்மானத்துக்கு வாரத்துக்கு ஒன்னு போடுற அலென்ட்ரோனேட் மாத்திரையோ, வருஷத்துக்கு ஒரு தடவை ஏத்துற ஜோலட்ரோனேட் ஊசியோ போட்டிருக்காங்களா? இருந்தா பிபியை விட அதைத்தான் முதல்ல பல் டாக்டர்கிட்ட சொல்லணும், தாடை எலும்பு ஆறாம வெளிய தெரியுற பிரச்சனை அதுல வரும்.

கம்பம்_பையன்:

ரொம்ப நன்றிங்க. சுகர் இல்ல, ஊசியும் போடல. வலி மாத்திரையை எடுத்து வச்சிட்டேன், நாளைக்கே டாக்டரைப் பாக்குறோம். 3 மாசம் காத்திருந்தா எலும்பு தேஞ்சு போயிடாதா, அதுக்குத்தான் அவசரப்பட்டோம்.

பல்லும்_சொல்லும்:

தேயும்ங்கறது உண்மைதான். பல்லு போன இடத்துல கன்னத்துப் பக்க எலும்புச்சுவர் மெல்லிசாகும், ஒரு வருஷத்துல அகலம் பாதி வரைக்கும் குறையலாம், அதுலயும் பெரும்பகுதி முதல் 3 மாசத்துலயே போயிடும். ஆனா 160/100ஐ அப்படியே வச்சுக்கிட்டு அவசரமில்லாத ஆபரேஷனுக்கு உக்காரறதை விட இந்த நேரத்துல பிபியை இறக்கிக்கிறது நல்லது. 180/110 தாண்டினா நாங்க தொடவே மாட்டோம். எலும்பு பத்தலன்னாலும் எலும்புத்தூள் வச்சு செய்ய வழி இருக்கு. நடுவுல சீழ், கெட்ட வாடை, வீக்கம், உதடு மரத்துப் போறது, இப்படி எது வந்தாலும் 3 மாசம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

பல்லு எடுக்குறதுக்கு முன்னாடி எடுத்த எக்ஸ்ரே இருந்தா பத்திரமா வச்சு அடுத்த தடவை கையோட கொண்டு போங்க, அதையும் புது எக்ஸ்ரேயையும் பக்கத்துல வச்சுப் பாத்தா எவ்வளவு சேந்திருக்குன்னு அவங்களுக்கு சுலபமா தெரியும்.